ப்ராஜெக்ட் வாங்காதீங்கடே, ஒரு அட்டைப்பெட்டி வாங்குங்க!



ஜனவரி பொறந்தா போதும், நம்ம ஜங்ஷன் பக்கமும் பாளையங்கோட்டைப் பக்கமும் சுவத்துக்குச் சுவர் ஒரு நோட்டீஸ் முளைச்சிரும். "ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்து தரப்படும். ஐட்ரிபிள்ஈ டைட்டில், ரிப்போர்ட், பிபிடி, வைவா பயிற்சி இலவசம்." மாப்பிள்ளை வந்து மணவறையில உக்காந்தா போதும், தாலியையும் நாங்களே கட்டிருவோம்ங்கற மாதிரி :-)

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இதுக்கு 12,000 ரூபாய் கொடுத்தான். அவன் அம்மா பீடி சுத்துறவங்க. நம்ம பக்கம் தெரியும்ல, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. 12,000 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பீடின்னு கணக்கு போட்டுப் பாருங்க. அவனுக்குக் கிடைச்சது என்ன? ஒரு சிடி, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ரிப்போர்ட், "சார் கேட்டா இதைச் சொல்லு"ன்னு நாலு பக்கம் கேள்வி பதில். அதே ப்ராஜெக்ட்டை அதே வருஷம் இன்னும் மூணு காலேஜ்ல வேற வேற பேர்ல யாரோ சமர்ப்பிச்சிருப்பாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் காசுல பத்துல ஒரு பங்கை எடுத்து, வீட்லயே ஒரு மல்டிடச் திரை செய்யுங்க. "அது ஆப்பிள்காரன் சமாச்சாரமாச்சே"ன்னு நினைக்காதீங்க. மல்டிடச்சோட வரலாறே ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் வரலாறுதான். எப்படின்னு சொல்றேன்.

கதை 1982ல ஆரம்பிக்குது

ஐபோன் வந்தது 2007ல. அதுக்கு 25 வருஷம் முன்னாடி, 1982ல, கனடாவுல டொரன்டோ பல்கலைக்கழகத்துல நிமிஷ் மேத்தான்னு ஒரு மாணவர் முதுகலை ஆய்வுக்காக ஒரு கருவி செஞ்சார். ஒரு பனிக்கண்ணாடி (நம்ம வீட்டு பாத்ரூம் ஜன்னல்ல இருக்குமே, அந்த வகை), அதுக்குப் பின்னாடி ஒரு கேமரா. விரல கண்ணாடியில வெச்சா, வெள்ளைப் பின்னணியில கறுப்புப் புள்ளி தெரியும். பத்து விரல் வெச்சா பத்துப் புள்ளி. அவ்வளவுதான் மேட்டரே. மனுஷன் கையைப் பல தொடுதலோட புரிஞ்சுக்கிட்ட ஆரம்பகாலக் கருவிகள்ல முதல்ல சொல்லப்படுறது இதுதான்.

அடுத்து 1999. அமெரிக்காவுல டெலவேர் பல்கலைக்கழகத்துல வெய்ன் வெஸ்டர்மேன்னு ஒருத்தரோட முனைவர் பட்ட ஆய்வு. தட்டச்சு பண்ணிப் பண்ணி அவருக்கு கை வலி. வலிக்காம கம்ப்யூட்டரை இயக்க வழி தேடிப் போய் மல்டிடச் பலகையில முடிஞ்சுது. அவரும் அவர் பேராசிரியர் ஜான் எலியாஸும் ஆரம்பிச்ச ஃபிங்கர்வொர்க்ஸ் கம்பெனியை 2005ல ஆப்பிள் வாங்கிட்டாங்க. மீதி உங்களுக்கே தெரியும், உங்க பாக்கெட்லயே இருக்கு.

அதே 2005ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல ஜெஃப் ஹான் ஒரு கட்டுரை போட்டார். மலிவு விலையில மல்டிடச் செய்றது எப்படின்னு தலைப்புலயே சொல்லிட்டார். 2006ல டெட் மேடையில அவர் அதைக் காட்டினப்ப உலகமே வாயைப் பொளந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஊர் ஊருக்கு பசங்க வீட்டு கேரேஜ்ல மல்டிடச் மேஜை செய்ய ஆரம்பிச்சாங்க. 2007ல மைக்ரோசாஃப்ட் 'சர்ஃபேஸ்'னு கேமரா வெச்ச ஒரு மேஜையை அறிவிச்சப்ப, இவனுங்க வீட்ல பிளைவுட்ல அதே மாதிரி செஞ்சுக்கிட்டு இருந்தானுங்க. (அந்த மேஜைக்கு 2012ல பேரையே மாத்தி, சர்ஃபேஸ்ங்கற பேரை டேப்லெட்டுக்குக் கொடுத்துட்டாங்க.)

நம்மாளு ஒருத்தரும் உண்டு. குஜராத் பாலன்பூர்க்காரர் பிரணவ் மிஸ்திரி. எம்ஐடியில படிக்கிறப்ப 'சிக்ஸ்த் சென்ஸ்'னு ஒண்ணு செஞ்சு, 2009 நவம்பர்ல மைசூர்ல நடந்த டெட் இந்தியாவுல காட்டினார். ஒரு கேமரா, ஒரு குட்டி ப்ரொஜெக்டர், விரல் நுனியில கலர் கலரா மூடி. கேமரா அந்தக் கலரைத்தான் பின்தொடரும்.

கவனிச்சீங்களா? பெரும்பாலும் கேமராவும் வெளிச்சமும்தான். அதுவும் பலது மாணவர்கள் செஞ்சது. யாரும் சுவத்து நோட்டீஸ் பாத்து போன் பண்ணல.

டம்ளர் தண்ணிக்குள்ள இருக்கு தத்துவம்

ஜெஃப் ஹான் பயன்படுத்தினது நம்ம ப்ளஸ் டூ இயற்பியல் பாடத்துல வர்ற முழு அக எதிரொளிப்பு. மாறுநிலைக் கோணம்னு ஒண்ணு மனப்பாடம் பண்ணி, பரீட்சையில எழுதிட்டு அதோட மறந்திருப்போமே, அதேதான்.

இப்பவே செஞ்சு பாருங்க. கண்ணாடி டம்ளர்ல தாமிரபரணித் தண்ணிய ஊத்தி (சரி, உங்க ஊர்த் தண்ணியே போதும்), கையில பிடிச்சுக்கிட்டு மேலேர்ந்து சாய்வா உள்பக்கச் சுவரைப் பாருங்க. சுவர் வெள்ளி மாதிரி மின்னும். விரலை அழுத்தினா, தொடுற இடத்துல மட்டும் ரேகையோட பளிச்னு தெரியும். விரல் படுற இடத்துல எதிரொளிப்பு கெட்டுப் போகுது, அதான் காரணம்.

அக்ரிலிக் ஷீட்லயும் இதே கதை. அதோட ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1.49, மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. ஷீட்டோட விளிம்புல சுத்தி அகச்சிவப்பு எல்இடி வெச்சா, வெளிச்சம் வெளிய வர வழியில்லாம உள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கும். விரல் வெச்ச இடத்துல மட்டும் சிதறிக் கீழ இறங்கும். கீழ இருக்கிற கேமராவுக்கு அது வெள்ளைப் பொட்டாத் தெரியும்.

சாதா வெப்கேம்ல அகச்சிவப்பைத் தடுக்கிற ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். லென்ஸைக் கழட்டி அதை எடுத்துரணும். அப்புறம் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்தைத் தடுக்கணும். அதுக்கு பழைய கேமரா ஃபிலிம் நெகட்டிவ்ல முழுசா கறுத்துப்போன துண்டு போதும். எந்த வீட்லயும் பீரோவுக்குள்ள கல்யாண நெகட்டிவ் ஒரு கவர்ல கிடக்கும். (கறுப்புத் துண்டை மட்டும் வெட்டுங்க. அம்மா முகத்தை வெட்டினா அப்புறம் நான் பொறுப்பில்ல.)

ஆனா முதல் தடவை செய்றவங்களுக்கு நான் அக்ரிலிக் சொல்லமாட்டேன். நம்ம ஊரு வெயில் இருக்கே, அதுல அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கு. மதியம் ஜன்னலைத் திறந்து வெச்சா, கேமராவுக்கு எல்இடி எது, சூரியன் எதுன்னே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் வேலை ஓடும். ஆரம்பத்துக்கு மேத்தா வழிதான் சரி: நிழல்.

செலவுக் கணக்கு

ஒரு அட்டைப்பெட்டி: மளிகைக் கடை, ஓசி.
ஒரு வெப்கேம்: பழசு கிடைச்சா நல்லது. புதுசுன்னா சில நூறு.
ட்ரேசிங் பேப்பர்: ஸ்டேஷனரி கடை.
கண்ணாடி: படத்துக்கு பிரேம் போடுற கடை.

கண்ணாடி வாங்கப் போனப்ப கடைக்கார அண்ணாச்சி, "தம்பி, சாமி படமா, தாத்தா படமா?"ன்னார். "ரெண்டும் இல்ல அண்ணாச்சி, வெறும் கண்ணாடி மட்டும்"னேன். "படம் இல்லாம கண்ணாடி மட்டும் மாட்டி என்னய்யா பண்ணப் போற?" நல்ல கேள்விதான். வைவாவுல கேட்கிற கேள்வியை விட நல்ல கேள்வி :-)

எல்லாம் சேத்து எனக்கு ஆயிரம் ரூபாய் தாண்டல. பெட்டிக்கு அடியில கேமரா மேல பாத்து. மேல கண்ணாடி, அதுல ட்ரேசிங் பேப்பர். அறையில ட்யூப்லைட் எரியணும். விரல் தள்ளி இருந்தா நிழல் மங்கலா இருக்கும், தொட்டதும் கறுத்துக் கூர்மையாகும். தொட்டதையும் தொடாததையும் பிரிச்சுக் காட்டுறது அந்த வித்தியாசம்தான். இதுல திரை கிடையாது, படம் பக்கத்துல லேப்டாப்ல ஓடும். ப்ரொஜெக்டர் கிடைச்சா பேப்பர் மேலயே படம் விழ வெக்கலாம்.

இனிமேதான் நிஜமான வேலை

பெட்டி ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிரும். மென்பொருள்தான் படிப்பு. பைத்தானும் ஓபன்சிவியும் போதும், ரெண்டுமே இலவசம்.

ஒண்ணு, விரல் இல்லாதப்ப இருக்கிற படத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, வர்ற ஒவ்வொரு படத்துலேர்ந்தும் கழிக்கணும். மிச்சம் இருக்கிறது விரல்.

ரெண்டு, அதைக் கொஞ்சம் மங்கலாக்கி, ஒரு எல்லை வெச்சு கறுப்பு, வெள்ளைன்னு வெட்டணும். அந்த எல்லை எவ்வளவுன்னு எந்தப் புத்தகமும் சொல்லாது. உங்க வீட்டு ட்யூப்லைட்டைத்தான் கேக்கணும்.

மூணு, பொட்டுகளோட பரப்பளவைப் பாத்து, ரொம்பச் சின்னதை தூசின்னும், ரொம்பப் பெருசை உள்ளங்கைன்னும் தள்ளணும்.

நாலு, இதுதான் கஷ்டம். போன படத்துல இருந்த விரல் இந்தப் படத்துல எது? கேமரா நொடிக்கு 30 படம் எடுத்தா, ரெண்டு படத்துக்கு நடுவுல 33 மில்லிசெகண்ட். பக்கத்துல எது இருக்கோ அதுக்கே பழைய எண்ணைக் கொடுக்கிறதுதான் எளிய வழி. ரெண்டு விரல் குறுக்க தாண்டிப் போனா எண் மாறிரும். அதை எப்படித் தடுக்கறதுன்னு யோசிக்கிற அந்த ராத்திரி இருக்கு பாருங்க, நாலு வருஷ இன்ஜினியரிங்ல அந்த ஒரு ராத்திரிதான் இன்ஜினியரிங்.

அஞ்சு, கேமரா பாக்கிற கோணலான நாலு மூலையைத் திரையோட நாலு மூலையோட பொருத்தணும். செமஸ்டர்ல பாதி பேரை காவு வாங்கின மேட்ரிக்ஸ் எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரியும்.

கடைசியா, கிடைச்ச புள்ளிகளை 'டியூஐஓ'ங்கற நெறிமுறையில அனுப்பணும். பார்சிலோனாவுல 'ரியாக்டேபிள்'னு இசை மேஜை செஞ்ச கூட்டம் 2005ல வெளியிட்டது. யூடிபி, 3333ஆம் போர்ட். பைத்தான்ல 'கிவி'னு ஒரு இலவசக் கருவி இருக்கு, அது இதை நேரா வாங்கிக்கும். ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கிற தூரம் எத்தனை மடங்கு கூடுதோ, படம் அத்தனை மடங்கு பெருசாகும். 2007ல உலகம் கை தட்டின வித்தைக்குப் பின்னால இருக்கிறது ஒரு வகுத்தல் கணக்கு!

"போன்லயே இருக்கே, எதுக்கு?"

இதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. நியாயம்தான். போன் திரையில கண்ணுக்குத் தெரியாத மின்தடங்கள் பத்தமடைப் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுது. விரல் பக்கத்துல வந்தா, குறுக்கிடுற இடத்துல மின்தேக்குத் திறன் மாறும். அருமையான தொழில்நுட்பம், நம்ம பெட்டியை விட ஆயிரம் மடங்கு உசத்தி. ஆனா உங்களுக்குக் கிடைக்கிறது சில்லு சமைச்சு முடிச்ச சோறு. அடுப்பங்கரைக்குள்ள விடமாட்டான். பெட்டியில அரிசி களையறதுலேர்ந்து நீங்கதான்.

இன்னொரு கேள்வி: "இப்ப ஏஐ கிட்ட கேட்டா கோடு எழுதிக் கொடுத்துருமே?" கொடுக்கும். தாராளமா வாங்கிக்கோங்க. ஆனா உங்க அறையில ட்யூப்லைட் எந்தப் பக்கம் இருக்கு, ஃபேன் நிழல் பேப்பர் மேல ஓடுதா, கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கு வந்ததும் எல்லாம் ஏன் குழம்புதுன்னு அது வந்து பாக்காது. நிழலை நீங்கதான் பாக்கணும். சிடியில வாங்கின ப்ராஜெக்ட்டும் சாட்பாட் எழுதின கோடும் ஓடுச்சுன்னா ஓடும், நின்னா நின்னுரும். பெட்டி அப்படி இல்ல. ஏன் நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

எங்க ஆபீஸ்ல புதுசா ஆள் எடுக்கிறப்ப நானும் இன்டர்வியூல உக்காருவேன். நம்ம பக்கத்துப் பசங்க வந்தா மனசுக்குள்ள ஒரு சந்தோஷம். "முகம் அடையாளம் கண்டு வருகைப் பதிவு"ன்னு ரெஸ்யூமேல இருக்கும். "வெளிச்சம் குறைஞ்சா என்ன ஆகும் தம்பி?"ம்பேன். அமைதி. ஓட வெச்சுப் பாத்திருந்தாக்கூட சொல்லிரலாம். அந்தப் பையன் முட்டாள் இல்ல. அவன் கத்துக்க வேண்டிய நாலு மாசத்தை யாரோ காசு வாங்கிக்கிட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பசங்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? டைட்டில் கனமா இருந்தாத்தான் கையெழுத்துன்னு சொல்ற வாத்தியார்களுக்கும் பங்கு உண்டு. ஒரு அட்டைப்பெட்டியை மேஜையில வெச்சா "இது என்னடே ஸ்கூல் எக்ஸிபிஷனா?"ன்னு கேக்காம, "விரல் குறுக்க போனா எண் மாறுதா?"ன்னு கேக்குற ஒரு வாத்தியார் ஒரு காலேஜுக்கு இருந்தாப் போதும், அந்த நோட்டீஸ் ஒட்டுறவங்க வேற வேலை தேடிக்குவாங்க.

என்ன செய்யலாம்னு யோசனை வேணுமா? இந்தாங்க ரெண்டு.

தாமிரபரணி வரைபடம். பொதிகையில ஆரம்பிச்சு புன்னைக்காயல்ல கடல் சேர்ற வரை. கோடைமேலழகியான்லேர்ந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. ஒரு கையால அணைக்கட்டைத் தொட்டு, இன்னொரு கையால தண்ணி அளவைக் கூட்டினா எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு போகும்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாக்கணும். ரெண்டு கை வேணும், அதனாலதான் மல்டிடச்.

இன்னொண்ணு, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண். பேப்பர்ல தூண் வரைஞ்சு, தொட்டா சுரம். பத்து விரல், ஏழு சுரம். மூணு விரல் மிச்சம் :-)

டைட்டில் கனமா வேணும்னா நானே வெச்சுத் தர்றேன், இலவசமா. பெட்டியை மட்டும் நீங்க செய்யுங்கடே.

பி.கு: பூனை வளக்கிற வீடா இருந்தா, பெட்டியை ராத்திரி உசரத்துல வெச்சுருங்க. அட்டைப்பெட்டின்னா அதுங்களுக்கு வேற அர்த்தம்.