இளவேனிலும் பால்மரமும்

‘அவன் வாழ்வில் வசந்தம் வீசியது’ என்று கட்டுரையை முடிப்பது மாணவர் பலரின் வழக்கம். வசந்தம் என்றால் மகிழ்ச்சி. அதற்குமேல் அச்சொல்லில் ஒன்றும் இல்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். மலேசியாவில் வசந்தமே கிடையாது, அது ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது என்று கூறுவோரும் உளர். இரண்டுமே அரைகுறைப் புரிதல்தான்.

வசந்தம் வடசொல். அப்பருவத்திற்குத் தமிழில் இளவேனில் என்று பெயர். பனிக்காலம் நீங்கி, வெயில் இன்னும் முதிராத சித்திரை, வைகாசி மாதங்களே இளவேனில். மரங்கள் தளிர்த்துப் பூக்கும் காலம் அது. ஆயினும், தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்கு உரிய பொழுதாக வைத்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. ஊரெல்லாம் பூத்திருக்க, பிரிந்து சென்ற தலைவன் இன்னும் திரும்பவில்லையே எனத் தலைவி வருந்துவதைக் கலித்தொகை காட்டுகிறது. அழகும் வருத்தமும் சேர்ந்ததே இளவேனில்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்கள் இதனை ஏட்டில் படிக்கவில்லை, கண்ணால் கண்டனர். பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் அது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரங்கள் இலைகளை உதிர்க்கும். இருண்டிருந்த காட்டுக்குள் வெயில் இறங்கும். நடந்தால் சருகு நொறுங்கும். பின்னர், செம்பு நிறத்தில் தளிர்கள் தோன்றும்; கூடவே வெளிர்மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பூக்கள். ஆனால், தளிர் விடுவதற்கே மரம் தன் சத்தைச் செலவிடுவதால் பால் குறைந்துவிடும். பாலின் எடையைப் பொறுத்துக் கூலி பெற்ற குடும்பங்களில் செலவுக்குக் கை இறுகும். காடு அழகாக இருந்த மாதமே கடைக்கணக்கு நீண்ட மாதமும் ஆகும்.

அந்தக் காட்சி இன்று அரிதாகிவிட்டது. ரப்பர் நின்ற நிலத்தில் பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இதே மாவட்டத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில் தொடங்கப்பட்டது. பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை! செம்பனை ஒரே பருவத்தில் இலை உதிர்ப்பதில்லை; ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். ஆகவே, இளவேனில் என்றதும் மாணவர் மனத்தில் திரைப்படப் பூந்தோட்டம் தோன்றுவதில் வியப்பில்லை.

எனினும், பால்வெட்டிய தாத்தா, பாட்டி பலர் இன்னும் வீட்டில் இருக்கின்றனர். ‘வசந்தம் வீசியது’ என்று எழுதும் முன், மரம் தளிர்த்த மாதங்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று மாணவர்கள் அவர்களிடம் ஒருமுறை கேட்கலாம்.