அரைத்த மாவு போதும்: கால்பந்து ரசிகர்களின் கொள்கைப் பிரகடனம்

தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்களாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாக ஒன்றுசேர்கிறோம். தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாகும்போதெல்லாம், ஏற்கெனவே இந்தியன் சூப்பர் லீக்கை (ஐஎஸ்எல்) சுற்றிவந்த அதே சில பெயர்களுக்குள் துழாவுவதை இந்தியக் கிளப்புகள் கைவிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. எங்களுக்குப் பின்னால் எந்தக் கட்சியும் இல்லை, எந்தக் கிளப் நிர்வாகமும் இல்லை. டிக்கெட் வாங்கி, பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்தின் கேலரியில் தொண்டை கட்டும்வரை கத்துகிறவர்கள் நாங்கள். அந்த உரிமையில் பேசுகிறோம்.

நடந்ததைப் பாருங்கள். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது முதல் கோப்பையைக் கொல்கத்தாவுக்கு வாங்கித் தந்தவர் ஸ்பெயினின் அன்டோனியோ ஹபாஸ். 2016-இல் அவர் புனே அணியில் இருந்தார். 2019-இல் மறுபடியும் கொல்கத்தா, மறுபடியும் கோப்பை. அந்த அணி மோகன் பகானோடு இணைந்த பிறகும் அவரே தொடர்ந்தார், 2021 டிசம்பரில் விலகினார், 2024 ஜனவரியில் அதே மோகன் பகானுக்குத் திரும்பி வந்தார். செர்ஜியோ லொபேரா கோவா, மும்பை, ஒடிசா, மோகன் பகான் என்று ஒரு வலம் வந்துவிட்டார். மனோலோ மார்க்கேஸ் ஐதராபாத்திலிருந்து கோவாவுக்குப் போனார், கோவாவில் இருந்தபடியே இந்திய அணியையும் பார்த்துக்கொண்டார். ஸ்டீவ் காப்பல் அடுத்தடுத்த மூன்று சீசன்களில் கேரளா, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று மூன்று அணிகளுக்குப் பயிற்சியாளர். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2002-இல் இந்திய அணிக்கு வந்தார், 2015-இல் மீண்டும் வந்தார், 2022-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார்.

இவர்களில் யாரும் திறமையில்லாதவர்கள் அல்லர். ஹபாஸின் கோப்பைகள் உண்மை, மும்பையில் லொபேரா ஒரே சீசனில் லீக் கேடயத்தையும் கோப்பையையும் வென்றதும் உண்மை. எங்கள் எதிர்ப்பு இந்த மனிதர்கள் மீது இல்லை. இவர்களை விட்டால் ஆளே இல்லை என்று நடந்துகொள்ளும் நிர்வாகப் பழக்கத்தின் மீதுதான்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2019 இறுதியில் பட்டியலின் கீழ்ப்பகுதியில் தத்தளித்த சென்னையின் எஃப்சிக்கு ஓவன் கோய்ல் வந்தார். பர்ன்லியை 2009-இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர் என்றாலும் இந்தியாவுக்கு அவர் புதியவர். வந்த சில மாதங்களில் அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில் ஆளில்லாமல் கிடந்த கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில், ஹபாஸின் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். அதன்பின் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 லீக் கேடயத்தை வென்றார். 2023-இல் திரும்பவும் சென்னைக்கு அழைத்து வரப்பட்டார். பழைய நாயகன் ரஃபேல் கிரிவெல்லாரோவும் கூடவே வந்தார். நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் 2019-20-இல் கோல்களைக் குவித்த நெரியஸ் வால்ஸ்கிஸ் அந்த அணியில் இல்லை, எதிரணிகளும் மூன்று ஆண்டுகளில் மாறிவிட்டன. முதல் சீசனில் ஆறாம் இடம். அடுத்த சீசனில் 13 அணிகளில் 11-ஆம் இடம். ஒரு பயிற்சியாளரின் வெற்றி குறிப்பிட்ட வீரர்களோடும் குறிப்பிட்ட காலத்தோடும் சேர்ந்து நடப்பது. ஆளை மட்டும் திரும்ப அழைத்தால் அந்த வெற்றி கூட வருவதில்லை.

பிறகு ஏன் அழைக்கிறார்கள்? தெரிந்த பெயர் தோற்றால் அழைத்தவரை யாரும் குறை சொல்வதில்லை. "இவ்வளவு அனுபவம் உள்ளவரே முடியாமல் போனார், நாம் என்ன செய்ய" என்று சொல்லி நிர்வாகி தப்பித்துக்கொள்ளலாம். தெரியாத பெயர் தோற்றால், அவரைக் கொண்டுவந்தவரின் தலைதான் உருளும். அணி ஜெயிப்பதைவிடப் பழி தன்மேல் விழாமலிருப்பது முக்கியமாகிவிடும் இடத்தில், அரைத்த மாவையேதான் அரைப்பார்கள்.

இங்கிலாந்தில் இந்தப் பயத்துக்கு ஒரு காரணமாவது உண்டு. பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினால் ஒரு கிளப்பின் வருமானமே சரிந்துவிடும். அதனால்தான் பயிற்சியாளர் சாம் அலர்டைஸைப் பல கிளப்புகள் ஆபத்து வேளையில் கூப்பிட்டன. 2023-இல் லீட்ஸ் அணி வெறும் நான்கு ஆட்டங்களுக்காக அவரை அழைத்து, ஒரே ஒரு புள்ளி எடுத்து, கீழே இறங்கியது. ஐஎஸ்எல்லிலோ 2014 முதல் 2024-25 சீசன் முடியும்வரை ஓர் அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக், அதே எதிரணிகள். புதியவரை நம்பிப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான லீக் உலகத்தில் எங்கே இருந்தது? பத்தாண்டுக்கு மேல் கிடைத்த அந்த வாய்ப்பைக் கிளப்புகள் வீணாக்கின. இதை நாங்கள் மன்னிக்கத் தயாரில்லை.

இடைக்காலப் பயிற்சியாளர் என்ற பதவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். அநீதி அங்கேதான் குடியிருக்கிறது.

தொடர்ந்து நான்கு தோல்வி. இரவோடு இரவாக, வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு நன்றி கூறி கிளப்பின் அறிக்கை வருகிறது. மறுநாள் காலை விசில், இந்தியத் துணைப் பயிற்சியாளரின் கைக்குப் போகிறது. அடுத்த ஆட்டத்துக்கு மூன்றோ நான்கோ நாள். அணியிலுள்ள வெளிநாட்டு வீரர்கள் போனவர் பார்த்துப் பொறுக்கியவர்கள். புது வீரரை எடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது. சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமைத் திட்டமிட்டவரும் போனவர்தான். இவர் செய்யக்கூடியதெல்லாம் பின்வரிசையைக் கொஞ்சம் இறுக்குவது, ஓரங்கட்டப்பட்ட ஓர் இளைஞனை இறக்கிப் பார்ப்பது, சோர்ந்துபோன வீரர்களோடு மனம்விட்டுப் பேசுவது. ஜெயித்தால் "வீரர்கள் விழித்துக்கொண்டார்கள்" என்பார்கள். தோற்றால் "அனுபவம் போதாது" என்பார்கள். சீசன் முடிந்ததும், கழுத்தில் கிளப்பின் ஸ்கார்ஃபோடு ஒரு வெளிநாட்டவரின் படம் வெளியாகும். துணைப் பயிற்சியாளர் பழையபடி மைதானத்தில் கோன் அடுக்கப் போய்விடுவார்.

சென்னையில் 2022 பிப்ரவரியில் போஜிதார் பாண்டோவிச் நீக்கப்பட்டபோது மிச்சமிருந்த ஆட்டங்களைச் சுமந்தவர், இந்தியாவுக்கு ஆடியவரும் இந்தியன் வங்கி அணியின் பழைய வீரருமான சபீர் பாஷா. அடுத்த சீசனுக்கு ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிரதாரிச் வந்தார். ஒடிசாவில் நடந்தது இன்னும் கொடுமை. 2023 ஏப்ரலில் கிளிஃபோர்ட் மிராண்டா இடைக்காலப் பயிற்சியாளராக இருந்து சூப்பர் கோப்பையை வென்றார். கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று வீழ்த்திக் கிடைத்த அந்தக் கோப்பைதான் ஒடிசா கிளப்பின் முதல் கோப்பை. அடுத்த மாதமே அந்த நாற்காலி லொபேராவுக்குப் போனது. மிராண்டா வேறு கிளப்பில் துணைப் பயிற்சியாளர் ஆனார். கோப்பை வென்றும் போதவில்லையென்றால் வேறு என்னதான் செய்து காட்ட வேண்டும்?

இதே கதை இங்கிலாந்திலும் உண்டு. 2017 நவம்பரில் வெஸ்ட் பிரோம் கிளப், டோனி பியூலிஸை நீக்கிவிட்டு ஆலன் பார்டியூவைக் கொண்டுவந்தது. இருவருமே பல கிளப்புகளைப் பார்த்தவர்கள். பார்டியூ 18 லீக் ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தார். கடைசி ஆறு ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்ற டேரன் மூர், ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி, அந்த ஏப்ரலின் சிறந்த மேலாளர் விருதையும் வாங்கினார். அணி கீழே இறங்கியதை அவரால் தடுக்க முடியவில்லை, காலம் கடந்துவிட்டது. பொறுப்பு அவரிடமே தரப்பட்டது, ஆனால் அடுத்த ஆண்டு அணி இரண்டாம் டிவிஷனில் நான்காம் இடத்தில் இருக்கும்போதே நீக்கப்பட்டார். 2020-இல் அதே கிளப் அலர்டைஸை அழைத்தது, மறுபடி கீழே இறங்கியது. 2022-இல் ஸ்டீவ் புரூஸை அழைத்தது.

இந்தியப் பயிற்சியாளர்களுக்குத் தகுதி இல்லை என்று எவரேனும் சொன்னால் அவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. 1951-இலும் 1962-இலும் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றுத் தந்த, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்துக்கு அணியைக் கொண்டுபோன சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2003-இல் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றது சுபாஷ் பௌமிக்கின் பயிற்சியில். கோவாவின் டெம்போ அணிக்கு அர்மாண்டோ கொலாசோ ஐந்து தேசிய லீக் பட்டங்கள் வாங்கித் தந்தார்.

காலித் ஜமீலின் பாதை இந்தப் பிரகடனத்துக்கே சாட்சி. ஏழு ஆண்டுகள் மும்பை எஃப்சியை நடத்தி, 2016-இல் வெளியே அனுப்பப்பட்டவர் அவர். அடுத்து மிசோரத்தின் ஐசால் அணிக்குப் போனார். முந்தைய சீசனில் கீழே இறங்கி, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட சிறிய கிளப் அது. ஐஎஸ்எல் அல்லாத இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில், 2016-17 சீசனில், மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பெங்களூருவையும் முந்திக்கொண்டு ஐசால் சாம்பியன் ஆனது. அப்படிப்பட்டவருக்கு ஐஎஸ்எல்லில் நிரந்தரத் தலைமைப் பதவி கிடைத்தது 2021 அக்டோபரில்தான், அதுவும் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை இடைக்காலமாக எடுத்துப் ப்ளேஆஃப்வரை கொண்டுபோய்க் காட்டிய பிறகு. லீக் தொடங்கி ஏழு ஆண்டுகளாகியும் அதுவரை ஓர் இந்தியர்கூட அந்த நாற்காலியில் நிரந்தரமாக உட்காரவில்லை. கோய்லின் சென்னை 11-ஆம் இடத்தில் முடித்த அதே 2024-25 சீசனில் ஜமீலின் ஜாம்ஷெட்பூர் அரையிறுதி ஆடியது.

2025 ஆகஸ்டில் ஜமீல் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர் அங்கே வந்தார். மத்திய ஆசிய நாடுகளின் கோப்பையில் ஓமனை வீழ்த்தி மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் மார்காவில் சிங்கப்பூரிடம் தோற்று, ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. இந்தியப் பயிற்சியாளர் என்றால் வெற்றி நிச்சயம் என்று நாங்கள் சொல்லவில்லை. தோற்பதற்கும் திரும்ப எழுவதற்கும் வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் அவகாசம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறோம்.

நாங்கள் வெளிநாட்டவருக்கு எதிரிகளும் அல்லர். 2018-19-இல் கோவையில் ஆடி ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். இந்தியாவில் எவருக்கும் தெரியாத பெயராக வந்தார். தேடினால் கிடைக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது.

ஆகவே கோருகிறோம். தலைமைப் பயிற்சியாளரை நியமிக்கும் ஒவ்வொரு கிளப்பும் எந்தத் தகுதிகளைப் பார்த்தது, எத்தனை பேரை நேர்காணல் செய்தது, அவர்களில் பயிற்சியாளருக்கான புரோ உரிமம் பெற்ற இந்தியர் எத்தனை பேர் என்று வெளியிட வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல், புறக்கணிக்கப்பட்ட சிறுபான்மை இனத்தவரையும் நேர்காணலுக்கு அழைத்தே ஆக வேண்டும் என்று 2003-இல் ரூனி விதியைக் கொண்டுவந்தது. அது கண்துடைப்பு நேர்காணலாகிவிட்டது என்று 2022-இல் ஒரு பயிற்சியாளர் நீதிமன்றம் போனார். அந்தக் கதி இங்கே நேரக் கூடாது என்பதால்தான் வெறும் நேர்காணலோடு நாங்கள் நிற்கவில்லை. இடைக்காலமாகப் பொறுப்பேற்று சீசனை முடித்துக் கொடுப்பவரை அடுத்த சீசனுக்கு முதலில் பரிசீலிக்க வேண்டும். மறுத்தால், அவரிடமாவது காரணத்தைச் சொல்ல வேண்டும். பழையவரையே திரும்ப அழைப்பதானால், போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று டிக்கெட் வாங்கும் எங்களுக்குச் சொல்ல வேண்டும். புரோ உரிமப் படிப்பு, எளிய குடும்பத்திலிருந்து வந்த முன்னாள் வீரருக்கும் எட்டும் கட்டணத்தில் இருக்க வேண்டும். இது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கடமை.

எங்கள் பங்குக்கு நாங்களும் உறுதியேற்கிறோம். மூன்று ஆட்டம் தோற்றதும் பயிற்சியாளரைத் தூக்கச் சொல்லிக் கோஷம் போட மாட்டோம். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை மாற்றிய பிறகு வரும் முன்னேற்றம், அதே சரிவிலும் மாற்றாமல் பொறுத்த அணிகளுக்கும் வந்தது என்று காட்டியிருக்கிறார். பெரிய பெயருக்காக விமான நிலையத்தில் மாலையோடு நிற்க மாட்டோம். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஆட்டங்களுக்குப் போவோம். வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ் இந்தியாவுக்கு ஆடினார். அப்படிப்பட்ட பையன்களை வருஷக்கணக்காக உருவாக்கும் பயிற்சியாளர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்வோம், அந்தப் பெயர்களைக் கேலரியில் உரக்கச் சொல்வோம்.

2025-இல் சென்னையின் எஃப்சி, கிளிஃபோர்ட் மிராண்டாவைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. அதை மனமார வரவேற்கிறோம். அவர் தோற்கும் மாதத்திலும் அவரோடு நிற்போம்.

ரசிகர்களே, நீங்கள் எந்த அணியின் ஜெர்சி போட்டவராக இருந்தாலும் எங்களோடு சேருங்கள். உங்கள் கிளப் அடுத்த பயிற்சியாளரை அறிவிக்கும் நாளில், வாழ்த்துச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: இவரைத் தவிர வேறு யாரையெல்லாம் பார்த்தீர்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.