"வீட்டிலை வைச்சுப் பாருங்கோ"

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் நெல்லியடிக்குத் திரும்புகிறவர்களை பஸ்ஸில் அடையாளம் காண்பது கஷ்டமில்லை. மடியில் பெரிய எக்ஸ்ரே உறை, அதற்குமேல் மருந்துப் பை. வல்லைவெளிக் காற்று யன்னலால் அடித்துத் தலைமயிரைக் கலைத்தாலும் கையெடுத்துச் சரிசெய்யத் தோன்றாத முகம். அவர்களில் ஒருவருக்கு அன்றைக்குத்தான் அந்த வாக்கியம் சொல்லப்பட்டிருக்கும்: "இனி வீட்டிலை வைச்சுப் பாருங்கோ."

இரக்கத்தோடு சொல்லப்படுகிற வாக்கியம்தான். வாட்டில் கிடப்பதைவிடச் சொந்த விறாந்தையில் முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எவ்வளவோ மேல். ஆனால் 'வைச்சு' என்பது மட்டுந்தான் குடும்பத்துக்கு விளங்குகிறது. 'பார்ப்பது' எப்படி என்று சொல்லித்தர ஆளில்லை.

பழைய நிலைமையை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளி கப்பலையோ விமானத்தையோ நம்பி, பாதுகாப்பு அனுமதிக்குக் காத்துக் கிடந்தார். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, இங்கேயே ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டினார்கள் சிலர். 2013இல் தெல்லிப்பழையில் கட்டடம் திறக்கப்பட்டது. சிகிச்சை பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அது முடிந்த பிறகு வருகிற மாதங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வீட்டில் முதலில் தொடங்குவது நாடகம். "அப்பாவுக்குத் தெரியக்கூடாது." நோயின் பெயர் கட்டி ஆகும், புண் ஆகும், அல்சர் ஆகும். மாதக்கணக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மனுசனுக்கு அதன் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியாதா? தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் தன் பங்குக்கு நடிக்கிறார். காணி உறுதி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, இருபது வருடமாகக் கதையாமல் இருக்கிற தம்பியை ஒருக்கால் வரச்சொல்ல வேணும் என்பதெல்லாம் இந்த நடிப்புக்குள் அகப்பட்டுச் சொல்லப்படாமலே போய்விடுகின்றன. உண்மையைக் கொண்டுபோய்த் தலையில் கொட்டச் சொல்லவில்லை. ஆனால் "எனக்கு இது மாறுமோ பிள்ளை?" என்று அவர் கேட்கிற ஓர் இரவு வரும். அன்றைக்குப் பொய் சொல்லாமல், "நீங்கள் என்னப்பா நினைக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தால் போதும். மிச்சத்தை அநேகமாக அவரே சொல்வார்.

பிறகு தொலைபேசி. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மூத்தவர் எடுப்பார். "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ, இல்லாட்டிச் சென்னைக்கு. காசை நான் பாக்கிறன்." அகதி வழக்கு முடியாததால் பெற்ற தாயின் செத்தவீட்டுக்கே வரமுடியாமல் போனவர்கள் நிறைந்த தலைமுறை அது. அந்தக் காசில் இருக்கிற குற்றவுணர்வைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. என்றாலும், கடைசி ஆறு கிழமையில் நாலு கிழமை வானிலும் லொட்ஜிலும் கழிந்துபோகிற வீடுகளைப் பார்க்கும்போது ஆத்திரம் வருகிறது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. தொடக்கத்திலிருந்தே நோய்தணிப்புப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சையைக் குறைவாகவே எடுத்தார்கள். ஆனாலும் மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூட வாழ்ந்தார்கள். கனடாக்காரருக்குச் சொல்ல நல்ல செய்தி இது.

வீட்டுக்குள் சண்டை அதிகம் வருவது சாப்பாட்டால். நோய் முற்றும்போது பசி போய்விடுகிறது. ஊட்டி ஊட்டி அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவருக்குப் பிடித்த ஒடியற்கூழைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, "இரண்டு வாயாவது குடியுங்கோ" என்று மகள் அழுவாள். அவளுக்காக அவர் விழுங்குவார். அது சத்தியாக வெளியே வரும். இரண்டு வாய் கேட்டால் கொடுங்கள், மறுத்தால் கோப்பையை எடுத்துவிடுங்கள். சேலைன் ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவதும் அப்படித்தான். தளர்ந்த உடம்பு அந்தத் தண்ணீரைப் பெரும்பாலும் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவுமே வைத்துக்கொள்கிறது.

வலிக்கு மோர்ஃபின் உண்டு. 2018இல் லான்செட் ஆணைக்குழு கணக்கெடுத்தபோது, உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் மோர்ஃபின் வகை வலிநிவாரணிகள் 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குப் போனது வெறும் 0.1 தொன். நாங்களோ வீடு வந்து சேர்ந்த குளிசையை "இது துவங்கினா ஆள் முடிஞ்சுது" என்று பயந்து அலுமாரிக்குள் பூட்டுகிறோம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன மணிக்குச் சொன்ன அளவு கொடுக்கவேண்டிய மருந்து அது. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி விழுவார், பிறகு தெளிவார். மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும். அதற்கும் மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாட்களில் நித்திரை நீளும். கைகால் குளிரும். மூச்சு நின்று நின்று வரும். பிறகு சேடம் இழுக்கும். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைக் கேட்டாலே வீடு அலறும். விழுங்க முடியாத எச்சில் தொண்டையில் நின்று மூச்சோடு அசைகிற சத்தம் அது. அவர் அதை வேதனையாக உணர்வதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையலாம். பால் பருக்க உறவினர் வரிசையாக வருவார்கள். கரண்டியால் ஊற்றாமல் பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் சடங்கும் நடக்கும், புரையும் ஏறாது. தலைமாட்டில் இருந்து சிவபுராணம் படிக்கிற வழக்கத்தை ஒருநாளும் விடவேண்டாம். வான்கூவரில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவு தப்பிக் கிடந்த நோயாளிகள் சிலரின் மூளை கடைசி மணித்தியாலங்களிலும் ஒலிக்குப் பதில் காட்டியது. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலையும் போனில் அவர் காதோடு வைக்கலாம்.

இதையெல்லாம் பஸ்ஸில் வந்த அந்த மகளுக்கு யார் சொல்வது? 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாடு இது. இன்றைக்கும் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளைத் தேடி மருத்துவமாது படலையைத் திறந்துகொண்டு வருகிறார். அதே ஒழுங்கையில் சாகக் கிடக்கிறவரின் படலையும் அப்படித் திறக்கவேண்டும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிறு கிளினிக்காகத் தொடங்கிய நோய்தணிப்புப் பராமரிப்பு முயற்சி 2008இல் மாநிலக் கொள்கையாகி, இப்போது உள்ளூராட்சி மன்றத் தாதியர் வீடுவீடாகப் போகிறார்கள். இலங்கையிலும் 2019 – 2023 காலத்துக்கென இதற்கு ஒரு தேசியத் திட்டம் எழுதப்பட்டது. கரவெட்டிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து இதற்கென்றே ஒரு தாதி நெல்லியடி ஒழுங்கைகளுக்குள் வந்து போவதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. செத்தவீட்டுக்குக் கதிரையும் கொட்டகையும் கொண்டுவந்து இறக்குகிற சனசமூக நிலையப் பெடியள் ஒரு மாதம் முந்தியே வரலாம். இரண்டு மணித்தியாலத்துக்கொருக்கால் ஆளைப் புரட்டிப் படுக்கவைக்க, இரவில் ஒரு முறை மகளை நித்திரை கொள்ளவிட, கைகள் வேண்டும்.

அந்தியேட்டி முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகும் அலுமாரிக்குள் கொஞ்சம் மோர்ஃபின் குளிசை கிடக்கும். அதைக் குப்பையில் எறியக்கூடாது, வலியென்று கேட்கிற பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது. கிளினிக்கில் திருப்பிக் கொடுக்கவேண்டும். மகள் இன்னொரு தரம் வல்லைவெளியைத் தாண்டிப் போவாள், இந்த முறை எக்ஸ்ரே உறை இல்லாமல். குளிசையை வாங்கி வைப்பார்கள். அவள் இரவில் நித்திரை கொள்கிறாளா என்று கேட்பது அந்தக் கவுண்டரின் வேலை இல்லைத்தான். யாருடைய வேலை என்று இன்னும் எங்கும் எழுதப்படவில்லை.