பெட்டியில் பிறக்குமோ நாதம்?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு வழியே மாலை வேளையில் நடந்து செல்வோர் செவிக்குப் பல்வகை ஓசைகள் எட்டும். தென்னிந்திய முஸ்லிம் வணிகராகிய சூலியரின் பெயரைத் தாங்கி நிற்கும் தெரு அது. 1801-இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதன் அருகே நிற்கிறது. கிங் தெருவைச் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா விளங்குகிறது. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னர் இத்தெருவில் பயணியர் விடுதிகள் பெருகின. நாசி கண்டார் கடையின் கரண்டி ஓசையோடு, விடுதிகளிலிருந்து மின்கிதார் ஓசையும் இன்று தெருவுக்கு வந்து சேர்கிறது.

அத்தெருவின் பழைய கடைவீடொன்றின் மேல்மாடியில் என் முன்னாள் மாணவர் ஒருவர் மாலைதோறும் கிதார் பயில்கிறார். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஒலியை மேம்படுத்தும் கருவி என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதை இணைத்தால் என் பழைய ஆம்ப் புத்துயிர் பெறும் என்கிறார்கள். கடையிலும் கேட்டுப் பார்த்தேன். வேறு உலகமாய் இருந்தது. ஈராண்டாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. வாங்கிவிடட்டுமா?"

"வேண்டாம், தம்பி" என்றேன். காரணம் கேட்டார். கேட்பது அவர் உரிமை. சொல்வது என் கடமை. இக்கட்டுரை அக்கடமையின் பொருட்டே எழுதப்படுகிறது.

தமிழாசிரியனுக்கு மின்கிதாரில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். இக்கருவி நமக்கு அயலானதன்று. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து சென்றதன் பின்னர், இத்தீபகற்பம் எங்கும் குகிரான் என வழங்கிய கிதார்க் குழுக்கள் காளான்போல் முளைத்தன. பினாங்கில் பிறந்து புகழ்பெற்ற அல்லிகேட்ஸ் குழுவைக் கட்டியெழுப்பியவர்கள் ஆறுமுகத்தின் மைந்தர்களாகிய லோகநாதனும் டேவிட்டும் அல்லரோ? நம் பிள்ளைகள் மீட்டும் கருவியைப் பற்றி நாம் பேசாதிருப்பது பெருமையாகாது.

இனி, இப்பெட்டிகள் யாவை எனக் காண்போம். 1975-இல் அமெரிக்காவில் ஏஃபெக்ஸ் நிறுவனம் 'ஆரல் எக்சைட்டர்' என்னும் கருவியைக் கொணர்ந்தது. ஒலியின் உயர்ந்த பகுதியைத் தனியே பிரித்து, அதிலிருந்து புதிய மேற்சுரங்களை உண்டாக்கி, மூல ஒலியோடு சிறிதளவு கலப்பது அதன் தொழில். தொடக்கத்தில் அது விற்கப்படவில்லை. முடிந்த பாட்டின் ஒரு நிமிடத்திற்கு 30 டாலர் என ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. அடுத்து, 1980-களில் 'பி.பி.இ. சோனிக் மேக்சிமைசர்' வந்தது. தாழ்ந்த ஒலிகளை ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு தாமதப்படுத்தி, உயர்ந்த ஒலிகளை முந்தச் செய்து, அவ்வுயர் ஒலிகளை ஓரளவு கூட்டியும் தருவது அது. இன்று இவை காலால் மிதிக்கும் சிறு பெட்டிகளாகவும் கணினி மென்பொருளாகவும் கிடைக்கின்றன.

இவற்றை விற்போர் கூறுவது யாது? ஒலிபெருக்கும் கருவிகளும் ஸ்பீக்கர்களும் ஒலியின் இயற்கை ஒழுங்கைக் கெடுத்துவிடுகின்றன. கெட்டதை இப்பெட்டி சீர்செய்து, இழந்த தெளிவை மீட்டுத் தருகிறது என்பர். பதிவு செய்த பாட்டைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு பொருளுண்டு. அங்கே மூலம் ஒன்று இருக்கிறது. அதன் படியொன்று இருக்கிறது. படி மூலத்தை ஒத்திருத்தல் வேண்டும்.

ஆனால் மின்கிதாரின் நிலை வேறு. திண்ணிய மரத்தில் கட்டிய எஃகுக் கம்பி மின்சாரமின்றி அதிர்ந்தால் பக்கத்து அறைக்கும் கேளாது. ஆம்ப் அதன் ஒலியைப் படியெடுக்கும் பொறி அன்று. அக்கருவியின் மறுபாதியே ஆம்ப். யாழுக்குப் பத்தர் எவ்வாறோ, மின்கிதாருக்கு ஆம்ப் அவ்வாறு. 1958-இல் லிங்க் ரே என்பார் தம் 'ரம்பிள்' இசைக்காக ஸ்பீக்கரைத் துளையிட்டார் என்பர். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் தாளைச் சவர அலகால் கீறினார். அந்தச் சிதைவிலிருந்தே உலகம் போற்றும் ஒரு நாதம் பிறந்தது. அங்கே மீட்கப்பட வேண்டிய மூலம் எது? இழக்காத ஒன்றை மீட்டுத் தருவதாகக் கூறிக் காசு கேட்பது எவ்வகை வாணிகம்?

இரண்டாவது தடை, ஸ்பீக்கரிலேயே இருக்கிறது. மனிதச் செவி இளமையில் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை உணரவல்லது. கிதார் ஆம்பில் பொருத்தப்படும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் விரைந்து தளர்ந்துவிடும். அது குறையன்று, கம்பியின் கீச்சொலியை அடக்கி, நாதத்தை உருண்டையாக்குவது அத்தளர்ச்சியே. பெட்டி எழுப்பும் மிக உயர்ந்த மேற்சுரங்களுள் பெரும்பகுதி அவ்வாயிலிலேயே தடுக்கப்பட்டுவிடும். எஞ்சி வெளிவருவது 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியின் மிகுதிப்பாடு. அதனைத் தருதற்கு ஆம்பின் முகத்திலேயே டிரெபிள் என்றொரு குமிழ் உண்டு. கையருகே இருக்கும் குமிழைத் திருகாமல், ஈராண்டுச் சேமிப்பைக் கொட்டுவானேன்?

அவ்வாறாயின் கடையில் கேட்டபோது வேறு உலகமாய்த் தோன்றியது பொய்யோ? பொய்யன்று, செவியின் இயல்பு. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் பெல் ஆய்வகத்தில் ஓர் உண்மையை நிறுவினர். ஒலியின் வலிமை குறைவாயிருக்கும்போது நம் செவி தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணரும். வலிமை ஏற ஏற அவை நிறைவாகக் கேட்கும். ஆதலின் ஒரே ஒலியைச் சிறிது உரக்க ஒலித்தாலே, 'உரத்துவிட்டது' என்னாமல் 'தெளிந்துவிட்டது' என்று மனம் தீர்ப்பளித்துவிடும். பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் ஒலி ஒரு படி உயர்கிறது. விலக்கியதும் தாழ்கிறது, தாழ்ந்தது மங்கியதாய்த் தோன்றுகிறது. விற்பனையின் மறைபொருள் இஃதே.

இதனை எவரும் சோதித்தறியலாம். பெட்டி உள்ள நிலையிலும் இல்லாத நிலையிலும் ஒலியின் அளவைச் சமப்படுத்துக. வாசிப்பவர் ஒருவர், பொத்தானை இயக்குபவர் மற்றொருவர். கேட்பவர் இருவருக்கும் முதுகு காட்டி அமர்க. எது எதுவென அவர் எழுதி வைக்கட்டும். இது பலமுறை நிகழட்டும். சூலியா தெரு மேல்மாடியில் இரவல் பெட்டியொன்றை வைத்து நாங்கள் இவ்வாறு செய்தோம். மாற்றம் ஒன்று உண்டென்பதை அனைவரும் உணர்ந்தோம். எது மேலானது என்பதில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை. நேற்று 'வேறு உலகம்' என்ற தம்பியே இன்று பெட்டியில்லாத ஒலியை இருமுறை விரும்பித் தேர்ந்தார். ஓர் அறையில் நிகழ்ந்தது முடிந்த முடிபாகாது என்பதை அறிவேன். ஆனால் வாங்குமுன் சோதிக்க வேண்டும் என்பதற்கு அது போதிய சான்று.

தமிழ் கற்ற நமக்கு இவ்வழக்கை ஆராயப் பழைய அளவுகோல் ஒன்றும் உண்டு. நரம்பிசைக்குரிய குற்றங்கள் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு என்பது சிலப்பதிகார உரைகளைப் பயின்றோர் அறிந்ததே. பண்ணோடு பொருந்தாது இனிமை கெட்டது செம்பகை; அளவிறந்து ஒலிப்பது ஆர்ப்பு; மழுங்கி ஒலிப்பது கூடம்; சிதறி ஒலிப்பது அதிர்வு. மழுங்கலைக் குற்றம் என்ற அதே வாய், அளவு மீறலையும் குற்றம் என்றது காண்க. இப்பெட்டி கூடத்தைத் தீர்ப்பதாக வருகிறது. குமிழைச் சிறிது மிகுதியாகத் திருகினால் ஆர்ப்பையும் அதிர்வையும் வீட்டிற்குள் விடுகிறது. செம்பகைக்கோ அதனிடம் மருந்தே இல்லை. சுரம் பிறழ்ந்த விரலை எந்தப் பெட்டி திருத்தும்? பிறழ்ந்த சுரத்தைப் பளபளப்பாக்கிக் காட்டுவதே அதனால் இயல்வது.

நடுநிலை பிறழாமல் ஒன்று கூறுதல் வேண்டும். பழைய ஒலிநாடாவின் மங்கிய பதிவுக்கும், பேச்சு விளங்காத மண்டபத்து ஒலியமைப்புக்கும் இத்தகைய கருவி பயன்படுதல் கூடும். தேர்ந்த கலைஞர் ஒருவர் அறிந்தே அதனை ஒரு வண்ணமாகக் கையாண்டால் அவரைத் தடுக்க நாம் யார்? ஷேடோஸ் குழுவின் நாதத்திலும் எதிரொலிப் பெட்டிக்குப் பங்குண்டு. ஆனால் அப்பெட்டி தன்னை எதிரொலி என்றே கூறிக்கொண்டது. மாற்றத்தை மாற்றம் என்று விற்பது நேர்மை. மேம்பாடு என்று விற்பது மயக்கு. என் வழக்கு அம்மயக்கின் மீதுதான்.

மேம்பாடு எங்கிருந்து வரும்? மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வாழ்வை நோக்குக. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட மேனாட்டுக் கருவியில் கமகம் எளிதில் வாராது. அவர் மின் மாண்டலினை எடுத்து, ஐந்து ஒற்றைக் கம்பிகளை அமைத்துக்கொண்டார். மின்சாரத்தை அவர் விலக்கவில்லை; பண்ணுக்கு ஏவல் கொண்டார். இசைக்கு எது தேவை என்று முதலில் அறிந்தார். கருவியைப் பின்னரே மாற்றினார். இளங்கோவடிகள் காலத்து யாழாசிரியர்கள் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு விரற்செய்கைகளை வகுத்துப் பயின்றதும் இக்கருத்துப் பற்றியே. எட்டும் விரலின் வினைகள். ஒன்றேனும் பெட்டியின் வினை அன்று.

ஆசிரிய நண்பர்களே, இந்நோய் கிதாரோடு நிற்பதன்று. கருத்து வறண்ட கட்டுரையில் அடைமொழிகளை அள்ளிக் கொட்டி, 'நடை மிளிர்கிறது' என்று மகிழும் மாணவனை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவனிடம் நாம் கூறுவது யாது? சொல்லை நீக்கிப் பார். பொருள் நிற்கிறதா என்று பார் என்கிறோம். கிதார் பயிலும் இளைஞனிடமும் அதனையே கூறுவோம்: பெட்டியை நீக்கிப் பார், நாதம் நிற்கிறதா என்று பார். சோறு குழைந்து கெட்டிருந்தால் எத்தனை குழம்பை ஊற்றினாலும் அது நல்ல நாசி கண்டார் ஆகாது என்பது சூலியா தெருவில் உண்டவர் அனைவருக்கும் தெரியும்.

தம்பி பெட்டியை வாங்கவில்லை. சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு புதுக் கம்பிகள் வாங்கினார். ஆம்பைப் பழுது பார்ப்பவரிடம் தந்து சீர்செய்தார். எஞ்சியதை நல்லாசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்கச் செலவிடுகிறார். மாலையில் அவ்வழியே செல்லும்போது இன்னமும் சில சுரங்கள் பிறழக் கேட்கிறேன். அவை அவருடைய பிழைகள். ஆதலின் அவரே திருத்திக்கொள்வார்.