கணினிக்கும் பூட்டு நேரம் வேண்டும்

மாலையில் இரும்புப் பெட்டியைப் பூட்டாமல் வீடு செல்லும் காரியதரிசி நமது சங்கங்களில் ஒருவரும் இலர். ஆனால் ரொக்கச் சிட்டையும் பேரேடும் இப்பொழுது கணினிக்குள் புகுந்துவிட்டன. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதனை நாம் அன்றும் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். எனினும், அப்பேரேட்டை இரவு எத்தனை மணிக்கு மூடுகிறீர்கள் என்று வினவினால் பல இடங்களில் பதில் கிடைப்பதில்லை.

சதுரங்கப்பட்டினத்தை அடுத்த ஒரு சங்கத்தில் தணிக்கை செய்கையில், இரவு 9.40 மணிக்குக் காரியதரிசியின் பெயரில் பதிவுகள் இருக்கக் கண்டோம். அவரோ அன்றிரவு திருக்கழுக்குன்றத்தில் உறவினர் திருமணத்தில் இருந்தார். எழுத்தரை விசாரித்தோம். "ஐயா, பகலில் இணைப்பே வருவதில்லை, இரவில்தான் வேகமாக ஓடுகிறது. காரியதரிசி ஐயா ரகசியச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்" என்றார். கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை. குறைந்திருப்பின் யார் பொறுப்பு? திருமணப் பந்தலில் இருந்தவரே.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. அலுவலகங்களில் வழங்கும் விண்டோஸ் வலையமைப்பில், வாரத்தின் 168 மணி நேரத்தையும் கட்டம் கட்டமாகக் காட்டி, இன்னார் இன்ன நேரத்தில்தான் உள்ளே நுழையலாம் என்று விதிக்கும் வசதி நெடுங்காலமாக உண்டு. ஆனால் இது நுழைவாயிலைத்தான் அடைக்கும்; நேரம் முடிந்ததும் உள்ளே இருப்பவரை வெளியேற்றத் தனிக் கட்டளை இட வேண்டும். கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு உள்ளே ஆளை மறந்துவிட்டு வருவது போன்ற பிழை இது. நாம் கண்ட இடங்களில் பெரும்பாலும் நேர்வது இதுவே.

அயல்நாட்டில் நடந்த ஒன்றையும் நோக்குவோம். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்காள தேசத்து மத்திய வங்கியில் ஊழியர்கள் வார விடுமுறைக்கு வீடு சென்றபின், திருடிய அனுமதிகளைக் கொண்டு கள்வர்கள் நியூயார்க் பெடரல் வங்கிக்கு 35 கட்டளைகள் அனுப்பினர். கேட்ட தொகை சுமார் 95 கோடி டாலர். பெரும்பாலானவை தடுக்கப்பட்டும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. நேரக் கட்டுப்பாடு ஒன்றே அதைத் தடுத்திருக்கும் என்று சொல்லத் துணியோம். நிர்வாகியின் அதிகாரத்தையே கைப்பற்றிய கள்வன் கட்டுப்பாட்டையும் மாற்றிவிடுவான். ஆயினும் ஆளில்லாத வேளையே அவனுக்கு உகந்த வேளை என்பது விளங்குகிறதல்லவா?

அதற்காக மாலை ஆறு மணிக்கு எல்லாச் சங்கங்களையும் ஒரே கயிற்றில் கட்டுவது நியாயமாகாது. இதில் நமது இலாகா அன்பர்கள் சிலருடன் நாம் மாறுபடுகிறோம். நெசவாளர் பகலெல்லாம் தறிக்குழியில் இருந்து, சேலையை அறுத்துக்கொண்டு மாலையில்தான் சங்கத்துக்கு வருவார். அவருடைய கூலிக் கணக்கை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாமா? பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்தும் விவசாயிக்கு நம் மாநிலத்தில் வட்டியில்லை. கடைசி நாள் மாலையில் அவர் பணம் கட்டி, கணினி வாயிலடைத்ததால் வரவு மறுநாள் ஏறினால், அந்தச் சலுகைக்காக அவர் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்! கட்டுப்பாடு கள்வனுக்கு இட்டது, அகப்பட்டவர் அங்கத்தினர் என்றாகும்.

ஆகவே நேரத்தை அந்தந்த நிர்வாகக் குழுவே தன் ஊர் வழக்கத்தையும் இணைப்பின் நிலையையும் பார்த்து நிர்ணயிக்கட்டும். பகலில் இணைப்பு வராத ஊரில் இரவு எட்டு முதல் பத்து வரை திறப்பதில் குற்றமில்லை. அப்பொழுது இருவர் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே நுழைய வேண்டும். தவணை முடியும் நாட்களில் நேரத்தை நீட்டும் அதிகாரம் தலைவரிடம் இருக்கட்டும்; நீட்டிய காரணம் தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். மேற்சொன்ன சங்கத்தில் காரியதரிசி தம் ரகசியச் சொல்லை அன்றே மாற்றிவிட்டார். எழுத்தருக்குத் தனிப்பெயர் இன்னும் வழங்கப்படவில்லை; அடுத்த மாதம் நாம் அங்கு செல்லும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.