வெறும் ஆகாசம்

வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துப் பாராமல் எண்ணெய் நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் நம் வீட்டுப் பெண்மணிகள் மறுமுறை போகமாட்டார்கள். ஆகாசத்தை அளப்பவர்களுக்கும் இதே நியாயந்தான். நக்ஷத்திரத்தின் ஒளியை அளக்க வேண்டுமானால், நக்ஷத்திரமே இல்லாத வெறும் ஆகாசத்தின் ஒளி எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

வெறும் ஆகாசத்துக்கு ஒளி ஏது என்று நேயர்கள் கேட்கலாம். சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மண்டலம் இரவெல்லாம் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கிரணங்களில் இவ்வொளி மிக அதிகம். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறவும் செய்கிறது. ஆகையால் வான சாஸ்திரிகள் வேண்டிய இடத்தை ஒரு படமும், அருகிலுள்ள வெற்றிடத்தை ஒரு படமும் பிடித்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில் நக்ஷத்திரம் ஒன்று ஒளிந்திருந்தால் கணக்கே கெட்டுப்போகும்.

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் ஸர் ஸி. வி. ராமன். அவருடைய தமையனாரின் குமாரர் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி, லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைப் பெங்களூருக்கு அருகே ஹோஸகோட்டையில் இருந்தபடி இயக்குகிறார்கள். 2013-ல் அதில் அகச்சிவப்புக் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டது. இத்தகைய யந்திரத்தில் ஓர் இரவைப் பெற மாதக்கணக்கில் முன்னதாகவே மனுச் செய்ய வேண்டும். மேகம் மறைத்தால் அந்த இரவு போனது போனதுதான்.

எனவே, நாம் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் அவர்கள் கணிப்பொறியைப் பார்க்கிறார்கள். எந்த நக்ஷத்திரம் எப்போது உச்சிக்கு வரும், சந்திரன் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்றெல்லாம் அது சொல்லும். நக்ஷத்திர அட்டவணைகளைப் புரட்டி, பக்கத்தில் வெற்றிடம் எங்கே என்றும் தேடித் தரும். ஐரோப்பியரின் கையா விண்கலம் தந்த 2022-ஆம் வருஷத்து அட்டவணையில் மட்டும் 180 கோடிக்கு மேற்பட்ட ஒளிப்புள்ளிகள் உண்டு. ஆகாச கங்கைக்குள் வெற்றிடம் தேடுவது, வைகுண்ட ஏகாதசியன்று ரங்கவிலாஸ மண்டபத்தில் உட்கார இடம் தேடுவதுபோலத்தான்! சற்றுத் தள்ளிப் போகலாம். அதிக தூரம் போனாலோ ஆகாசத்தின் ஒளியே மாறிவிடும்.

வெறுமை என்று நாம் சொல்வதும் நம் கண்ணளவில்தான். 1995 மார்கழியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர், ஸப்தரிஷி மண்டலத்தில் காலியாகத் தோன்றிய ஒரு துளி இடத்தை ஹப்பிள் தூரதிருஷ்டியால் பத்து நாள் பார்க்கச் செய்தார். வீண் வேலை என்று தடுத்தவர்கள் உண்டு. ஆனால் தெரிந்தவை சுமார் 3,000 நக்ஷத்திரப் பெருங்கூட்டங்கள்!

ஹான்லே பிரதேசம் 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தார் விளக்குகளுக்கு மறைப்பிட்டு இருளைக் காக்கிறார்கள். காவேரிக் கரையிலோ நம் தெருவிளக்குகள் பூமிக்குப் பாதியும் ஆகாசத்துக்குப் பாதியுமாக ஒளியை வாரி இறைக்கின்றன. விளக்கை அணைக்க வேண்டாம். தலையைச் சற்றுக் குனியச் செய்தால் போதும். நம் குழந்தைகள் மொட்டைமாடியில் நின்று ஸப்தரிஷிகள் ஏழு பேரையும் எண்ண முடியும்.