மருந்து நெடிக்கு மதுவா மாற்று?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மல்லிகையும் கீரையும் வைத்திருக்கிறோம். மகனுக்கு 17 வயது. விடுமுறை நாட்களில் அவன் மாமாவோடு பக்கத்துத் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கப் போகிறான். போன மாதம் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். கேட்டதற்கு, "மருந்து நெடி உடம்பில் ஏறாமல் இருக்க ஒரு குவார்ட்டர் போட்டால் போதும், முறிந்துவிடும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறான். இது உண்மையா? என் கணவரும் சாயங்காலம் குடிப்பவர். அவர் கண்டித்தால் இவன் சிரிக்கிறான். அடித்தும் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?
– ஒரு வாசகி, வெள்ளவேடு அருகில்

பதில்: அம்மா, இந்தப் பகுதிக்கு மொட்டுப்புழு, செம்பேன், வேரழுகல் பற்றித்தான் கடிதங்கள் வரும். உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். கேள்வியின் முதல் பாதி என் தொழிலைச் சேர்ந்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இத்தனை வருடம் இருந்தது என் தவறு. அதனால் இந்த இதழில் பூச்சியும் நோயும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

முறிக்காது, மறைக்கும்

முதலில் நேரடியான பதில். மது எந்தப் பூச்சிக்கொல்லியையும் முறிக்காது. இது வெறும் நம்பிக்கை. வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டது.

புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். நரம்புகள் ஒழுங்காக வேலை செய்யத் தேவையான ஒரு நொதியை அவை முடக்கிவிடும். அதனால்தான் தலைச்சுற்றல், வாந்தி, அளவுக்கு மீறிய வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், கண்மணி சுருங்குதல் எல்லாம் வருகின்றன. இதற்கு அட்ரோபின் என்ற ஊசி உண்டு. அதை மருத்துவமனையில் மருத்துவர்தான் போட வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தள்ளாட்டம், வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் குடித்தவனுக்கும் வரும். மருந்து அடித்துக் குடித்துவிட்டு வந்து படுத்தவனைப் பார்த்து வீட்டார் என்ன நினைப்பார்கள்? "போதையில் கிடக்கிறான், காலையில் தெளியும்" என்று விட்டுவிடுவார்கள். விஷம் ஏறியிருந்தால் அந்த ஒரு இரவு போதும், உயிர் போக. உங்கள் மகன் அன்று படுத்தபோது நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இனி மருந்து அடித்த நாளில் அப்படி வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நெடி ஏறாமல் இருக்க வழி வேறு. முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணிய வேண்டும். காற்றுக்கு எதிராக அடிக்கக் கூடாது. அடைத்த நாசிலை வாய் வைத்து ஊதக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், 18 வயது ஆகாத பிள்ளையின் தோளில் தெளிப்பானை மாட்டவே கூடாது. மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

முதல் கிளாஸ் யார் கொடுத்தது?

சுமார் இருபது வருடங்களுக்கு முன்பு, திருநின்றவூர் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் தெளிப்பு முறையைச் செய்து காட்டப் போயிருந்தேன். தண்ணீர் சுமந்து கொடுக்க ஒரு பையன் நின்றான். பதினைந்து பதினாறு வயது இருக்கும். சுறுசுறுப்பான பிள்ளை. வேலை முடிந்ததும் தோட்டக்காரர் பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். மிச்சத்தை அவன் கையில் கொடுத்து, "குடிடா, நெடி போகும்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். அலுவலர் என்ன சொல்வாரோ என்று பார்த்தான். நான் சிரித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அவனைப் பிறகும் பல முறை பார்த்தேன். வேலைக்காரன் என்று பெயர் எடுத்தான், பிறகு குடிகாரன் என்று பெயர் எடுத்தான். 33 வயதில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தான். சாவுக்குப் போயிருந்தேன். பறை அடிக்க வந்தவர்களுக்கும், பாடை கட்டியவர்களுக்கும் பாட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு பையன் கிளாஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் சாவுக்கு அந்த ஒரு கிளாஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்த்த அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் கிளாஸ் அநேகமாக முகம் தெரியாதவன் கொடுப்பதில்லை. திருவிழாவில் மாமா, அறுவடையில் பெரியப்பா, சாவு வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் என்று நாம்தான் கொடுக்கிறோம். கூலியோடு குவார்ட்டர் என்று பேசி வேலைக்குக் கூப்பிடுவதும் நாம்தான். ஒரு குழந்தைக்கு, அதாவது 18 வயது நிறையாதவருக்கு, மருத்துவர் சொல்லாமல் மதுவோ, போதைப்பொருளோ, புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மாமாவுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைக்கு என்ன உண்மையைச் சொல்வது?

"குடித்தால் செத்துப்போவாய்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை நம்ப மாட்டான். நேற்றுக் குடித்தான், இன்று உயிரோடுதானே இருக்கிறான்? ஒரு விஷயத்தில் மிகைப்படுத்தினால் அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் தள்ளிவிடுவான். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒன்று, மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. முடிவெடுக்கும் பகுதி, ஆசையை அடக்கும் பகுதி இவைதான் கடைசியில் முதிர்கின்றன. நாற்றங்காலில் பட்ட அடி நட்ட பிறகும் தெரியும் அல்லவா? அதுபோல, சின்ன வயதில் தொடங்குகிறவர்கள் பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பு அதிகம். டாஸ்மாக் கடையில் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்று விதி இருப்பதும் சும்மா இல்லை.

இரண்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கு. மருந்துக் கடையில் டப்பாவைத் திருப்பிச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறக்குறியைப் பார்க்க உங்கள் மகனுக்குத் தெரியும். "லேபிள் இல்லாத டப்பாவைக் கொடுத்தால் நம் தோட்டத்தில் அடிப்பாயா?" என்று அவனிடம் கேளுங்கள். பிறகு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியர்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் பெருங்கரணை பகுதியிலும் விஷச் சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழில்களுக்குப் பயன்படும் திரவம். அது எங்கிருந்து போனது என்று போலீசார் விசாரித்தபோது வானகரத்தில் உள்ள ஒரு ரசாயன ஆலை என்று தெரிந்தது. கோயம்பேட்டுக்குக் கீரைக்கட்டு ஏற்றிப் போகும்போது நாம் தினமும் தாண்டுகிற அதே வானகரம். அடுத்த வருடமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் சாராயம் போலவே இருக்கும். குடித்தவுடன் வழக்கமான போதைதான். ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் வேலையைக் காட்டும். அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, மூச்சுத்திணறல் வரும், பனிமூட்டம் போலப் பார்வை மங்கும். உயிர் பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண் போய்விடும். சீக்கிரம் போனால் மருந்தும் டயாலிசிசும் காப்பாற்றும். பயந்து மறைத்தால் காப்பாற்றாது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கடைச் சரக்கு நல்லது" என்று நினைத்துவிடக் கூடாது. சிவப்புக் குறி மருந்து உடனே கொல்லும் என்பதால் மஞ்சள் குறி மருந்தைக் குடித்துவிடலாமா? நான் மேலே சொன்ன பையன் குடித்ததெல்லாம் கடைச் சரக்குதான்.

மூன்று, மது மட்டும் இல்லை. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம், கஞ்சா, வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுவது எல்லாம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் போகும் பிள்ளைகளின் காதில் விழுகிற பெயர்கள்தான். நாம் பேசாவிட்டால் அதைப் பற்றி விற்கிறவன் மட்டும்தான் பேசுவான்.

எப்படிப் பேசுவது?

அடித்துப் பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடித்தால் பிள்ளை நிறுத்த மாட்டான், மறைக்கக் கற்றுக்கொள்வான். மறைக்கிற பிள்ளைக்கு ஆபத்து வந்தால் நமக்குத் தெரியாது.

குடித்து வந்த இரவில் பேச வேண்டாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பூப் பறிக்கும்போது, கீரைக்கட்டு கட்டும்போது, கைக்கு வேலை இருக்கும் நேரத்தில் பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்தால் விசாரணை போல இருக்கும். முதலில் கேளுங்கள்: "யார் கொடுத்தாங்க? வேணாம்னு சொல்ல முடியலையா?" பதிலை முழுதாகக் கேளுங்கள். நடுவில் திட்டாதீர்கள்.

மறுக்கும் வார்த்தையையும் சொல்லிக் கொடுங்கள். "வேணாம் மாமா, நாளைக்கு வண்டி ஓட்டணும்", "வயித்துக்கு ஒத்துக்கல", "அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன்". நாலு பேர் கிண்டல் செய்யும் இடத்தில் கையில் ஒரு பதில் தயாராக இருந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். "எங்க இருந்தாலும், எந்த நிலையில இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன், அன்னைக்கு எதுவும் கேக்க மாட்டேன்" என்றும் சொல்லி வையுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. குடிக்கிற அப்பா கண்டித்தால் பிள்ளை சிரிக்கத்தான் செய்வான். ஆனால் அதே அப்பா, "எனக்கும் ஆரம்பம் இப்படித்தான்டா. இப்போ விடணும்னு நெனச்சாலும் முடியல. உனக்கு அந்த நிலைமை வேணாம்" என்று உண்மையைச் சொன்னால் சிரிக்க மாட்டான். அவரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும்.

உதவி எங்கே?

பள்ளிக்குப் போக மறுப்பது, பணம் காணாமல் போவது, பழைய நண்பர்களை விட்டுவிடுவது, தூக்கம் மாறுவது, கண் சிவப்பது என்று பலதும் சேர்ந்து சில வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒரே ஒரு அறிகுறியை வைத்துப் பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை பெறலாம். சென்னை இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணம் இல்லாமல் பேசலாம். கள்ளச்சாராயம் பற்றிப் புகார் சொல்ல 10581.

"சிகிச்சைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமோ" என்று சிலர் பயப்படுகிறார்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர், தான் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இதைச் சொல்கிறது.

கடைசியாக, மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. இந்தப் பருவத்தில் மருந்து அடிக்க ஆள் பேசும்போது குவார்ட்டரைக் கூலியில் சேர்க்காதீர்கள். அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள், கூடவே ஒரு சோப்பும் முகக்கவசமும் கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் ஒரு பையன் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், "வைடா கீழே" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த இதழில், மல்லிகை மொட்டுப்புழுவுக்கு மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பார்ப்போம்.